20,283 பெட்டிகளுக்கு ஒரு ரசீது

1839 மார்ச் 27. தென்சீனத்துக் கான்டன் நகரின் ஆற்றங்கரைப் பண்டகசாலைகளில் அடைபட்டுக் கிடந்த ஓர் ஆங்கிலேயர் ஓர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். தேதியோடு நிற்காமல் ‘காலை ஆறு மணி’ என்று நேரத்தையும் அதில் எழுதியிருந்தார். அவர் பெயர் சார்லஸ் எலியட். கடற்படை கேப்டன், சீனாவில் பிரிட்டிஷ் வணிகத்தின் தலைமைக் கண்காணிப்பாளர். அறிவிப்பின் சாரம் இதுதான்: பிரிட்டிஷ் குடிமக்கள் எல்லோரும் தங்கள் கைவசமுள்ள அபினியைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பவர்களுக்கு மகாராணியின் அரசாங்கத்தின் சார்பில் தான் முழுப் பொறுப்பு. மதிப்பு எவ்வளவு என்பது பிறகு தீர்மானிக்கப்படும்.

பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் அபினிப் போர் ஏன் வந்தது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில் கிடைக்கும். அபினியைத் திணிக்க வந்த போர் என்பார்கள் சிலர். இல்லை, வணிகச் சுதந்திரத்துக்கும் சம மரியாதைக்கும் நடந்த போர் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த வழக்கின் முடிச்சு அந்தக் காலை ஆறு மணிக் காகிதத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு முந்தைய நாள்வரை அந்தச் சரக்கு கள்ளக்கடத்தல்காரர்களின் தலைவலி. கையெழுத்து விழுந்ததும் அது பிரிட்டிஷ் அரசின் தலையில் ஏறிய கடன். கடன் என்று வந்துவிட்டால் யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்?

தேயிலை, வெள்ளி, அபினி

கதை தேயிலையில் தொடங்குகிறது. (நாம் சொல்லும் ‘தே’யே தென்சீனத்து அமோய் பக்கத்துச் சொல்தான். அதோடு இலையைச் சேர்த்துக்கொண்டோம்.) பிரிட்டனில் தேயிலை பணக்காரர்களின் பானமாக இருந்த காலம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மலையேறிவிட்டது. 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். கடத்தல் தேயிலை படுத்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் விற்பனை எகிறியது. பிறகு வரி மறுபடியும் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தேயிலையிலிருந்து வந்தது. அத்தனை தேயிலையும் ஒரே நாட்டில், ஒரே துறைமுகத்தில் வாங்கியாக வேண்டியிருந்தது.

அந்தத் துறைமுகம் கான்டன். 1757 முதல் மேலைநாட்டுக் கப்பல்களுக்கு அது ஒன்றே வாசல். நகரச் சுவருக்கு வெளியே, முத்து ஆற்றின் கரையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் பதின்மூன்று பண்டகசாலைகள். வணிகப் பருவத்தில் மட்டும் அங்கே தங்கலாம். பருவம் முடிந்ததும் போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் (Macau) துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். மனைவியை அழைத்து வரக் கூடாது. நகருக்குள் போகக் கூடாது. அதிகாரிகளுக்கு நேரடியாக மனுக் கொடுக்கவும் கூடாது. எதுவானாலும் ‘ஹாங்’ வணிகர்கள் என்ற உரிமம் பெற்ற சில சீன வியாபாரிகள் மூலமாகத்தான். வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவர்களில் ஒருவர் ஜாமீன் நிற்பார். வெள்ளைக்காரன் தப்புச் செய்தால் ஜாமீன்காரர் கழுத்துக்குக் கத்தி. இவர்களில் மூத்தவரான ஹவ்குவா அந்தக் காலத்து உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

வாங்க ஆசைப்பட்ட பிரிட்டனிடம் விற்கத்தான் ஒன்றும் இல்லை. கம்பளித் துணி கொண்டுபோனார்கள். கான்டன் புழுக்கத்தில் யார் வாங்குவார்கள்? இந்தியப் பருத்தி ஓரளவு போனது. மீதிக்கு வெள்ளிதான் கொடுத்தார்கள். கப்பல் கப்பலாக வெள்ளி போய்க்கொண்டிருந்தது.

அந்த ஓட்டையை அடைத்தது கங்கைச் சமவெளியில் விளைந்த ஒரு செடி. குருமாவுக்கு அரைக்கிறோமே, கசகசா, அந்தச் செடியேதான். விதைக்குப் பதில் பச்சைக் காயைக் கீறி வடியும் பாலை எடுத்தால் அபினி. 1773இல் வங்காளத்தில் இதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட கம்பெனி, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் தொழிற்சாலை வைத்து உருண்டை பிடித்தது.

அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம், இனி கதையே அதைச் சுற்றித்தான். மாமரப் பலகையில் செய்த பெட்டி. உள்ளே இரண்டு அடுக்கு, அடுக்குக்கு இருபது அறை, ஆக நாற்பது உருண்டை. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். உருண்டையின் தோல், அதே செடியின் பூவிதழ்களை மட்டமான அபினிக் குழம்பால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த ஓடு. பயணத்தில் ஆடாமல் இருக்கக் காய்ந்த இலைச் சருகை இட்டு அடைத்திருப்பார்கள். பெட்டியின் மேல் கம்பெனியின் முத்திரை. சீனத்துக் கடற்கரையில் அந்த முத்திரைக்குத் தனி மரியாதை. பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள்.

சீனாவில் அபினிக்கு 1729லேயே தடை வந்தாயிற்று. அதன்பின் திரும்பத் திரும்பத் தடை. அதனால் கம்பெனி ஒரு காரியம் செய்தது. தன் கப்பலில் ஓர் உருண்டைகூட ஏற்றவில்லை. கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு தன் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டது. ஏலத்தில் எடுத்த தனியார் வணிகர்கள் முத்து ஆற்றின் முகத்தில் இருக்கும் லிண்டின் தீவருகே நங்கூரமிட்டு நின்ற மிதக்கும் கிடங்குகளில் சரக்கை இறக்கினார்கள். சீனக் கடத்தல்காரர்கள் வரிசையாகத் துடுப்புப் போடும் வேகப் படகுகளில் வந்து, வெள்ளியைக் கொடுத்து, சரக்கை எடுத்துப் போனார்கள். அந்த வெள்ளியைத் தனியார் வணிகர்கள் கான்டனிலிருந்த கம்பெனியின் கஜானாவில் கட்டி, லண்டனில் பணமாக மாற்றிக்கொள்ளும் உண்டியல் சீட்டாக வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி அந்த வெள்ளியை வைத்துத் தேயிலை வாங்கியது. கை சுத்தம், கணக்கும் சுத்தம்.

1834இல் கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் முடிவுக்கு வந்தது. ஜார்டின் மாத்திசன், டென்ட் போன்ற தனியார் நிறுவனங்களுக்குக் கடிவாளம் கழன்றது. மத்திய இந்தியாவின் மால்வா அபினியும் பம்பாய் வழியாகச் சேர்ந்துகொள்ள, 1830களின் கடைசியில் ஆண்டுக்கு 35,000 பெட்டிகளைத் தாண்டிவிட்டது. இப்போது வெள்ளி சீனாவைவிட்டு வெளியே போனது. இது பீஜிங்கை ஏன் உலுக்கியது என்பதற்கு ஒரு காரணம் போதும். விவசாயி சம்பாதிப்பது செப்புக் காசு, வரி கட்டுவதோ வெள்ளிக் கணக்கில். ஒரு டேல் (சீன எடை அளவு) வெள்ளிக்கு ஆயிரம் காசு என்பது வழக்கமான விகிதம்; அது ஆயிரத்து அறுநூறை ஒட்டிப் போனபோது, சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் வரி பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

பேசாமல் வரி போட்டு அனுமதித்துவிடலாம் என்று 1836இல் ஸூ நாய்ஜி என்ற அதிகாரி விண்ணப்பித்தார். புகைப்பவனுக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டும் என்று 1838இல் ஹுவாங் ஜுவேஸி எழுதினார். தாவோகுவாங் பேரரசர் கடைசியில் கடுமையான பக்கம் சாய்ந்து, தன் மாகாணங்களில் அபினியை அடக்கிக் காட்டியிருந்த லின் ஸேஸூவைத் தனி அதிகாரம் கொடுத்து கான்டனுக்கு அனுப்பினார்.

ஆறு வார முற்றுகை

லின் 1839 மார்ச் 10 அன்று வந்து சேர்ந்தார். நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர்; கையூட்டில் மிதந்த கான்டனில் அதுவே அபூர்வம். மார்ச் 18 அன்று உத்தரவு போட்டார்: கப்பல்களிலுள்ள அபினி முழுவதும் வர வேண்டும், இனி கொண்டுவந்தால் சரக்குப் பறிமுதல், கொண்டுவந்தவனுக்கு மரணம் என்று உறுதிப் பத்திரமும் எழுதித் தர வேண்டும்.

வணிகர்கள் இதை வழக்கமான நாடகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் பெட்டியைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். லின் மசியவில்லை. பெரும் வியாபாரி லான்சலட் டென்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஹவ்குவா கழுத்தில் சங்கிலியோடு வந்து நின்று, டென்ட் வராவிட்டால் தன் தலை போகும் என்றார். உலகப் பணக்காரர் ஒருவர் சங்கிலியோடு நின்றும் வெளிநாட்டு வணிகர்கள் கூட்டம் போட்டு விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 24 மாலை எலியட் மக்காவிலிருந்து சிறு படகில் வந்து இறங்கினார். கடற்படைச் சீருடை, தொப்பி, வாள் எல்லாம் அணிந்து வந்தவர், பிரிட்டிஷ் கொடியை ஏற்றிவிட்டு, டென்ட்டைத் தானே கைப்பிடியாக அழைத்துக்கொண்டு தன் கூடத்துக்குப் போனார். டென்ட்டைத் தப்பவைக்க வந்திருக்கிறார் என்று லின் புரிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. அன்றிரவே சீன வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார். தெருக்களை அடைத்தார்கள், ஆற்றில் படகுகளை வளையமாக நிறுத்தினார்கள். சுமார் 350 வெளிநாட்டினர் உள்ளே.

சிறை என்று இதைப் பிறகு லண்டனில் உருக்கமாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் பாதி வேடிக்கைதான். வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கம் போகாத கோடீஸ்வரர்கள் முறைபோட்டுச் சமைத்தார்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தலைவர் சோறு வடிக்கப் போய்ப் பசை கிண்டிவிட்டார். ஹவ்குவாவின் ஆட்கள் இரவில் ரகசியமாகச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டினி இல்லை. ஆனால் பயம் உண்மையானது. அடுத்து என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத்தான் அந்த அறிவிப்பு.

வணிகர்கள் ஏன் சிரித்தார்கள்

எலியட்டை வில்லனாகக் காட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. பிரிட்டிஷ் கயானாவில் அடிமைகளின் பாதுகாவலர் என்ற பதவியில் இருந்துவிட்டு வந்தவர். அபினி வணிகத்தை அவமானம் என்றே நினைத்தார், எழுதியும் வைத்தார். அவருடைய சிக்கல் வேறு. வணிகர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. அரசின் பெயரில் இரண்டு மில்லியன் பவுனுக்கு மேல் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் அறவே இல்லை. உயிர்களைக் காப்பாற்ற வேண்டும். லண்டனுக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற எட்டு மாதமாவது ஆகும். கையில் இருந்தது பேனா மட்டும்.

வணிகர்களின் நிலையைப் பாருங்கள். லின் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே உள்ளூர் ஆளுநரின் கெடுபிடியால் அபினிச் சந்தை முடங்கிக் கிடந்தது. கப்பல்களில் சரக்கு தேங்கி, விலை விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அரசாங்கமே வந்து ‘என்னிடம் கொடு, பணம் நான் பொறுப்பு’ என்றால் விடுவார்களா? கைவசம் இருந்ததோடு, வந்துகொண்டிருந்த சரக்கையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மொத்தம் 20,283 பெட்டி. இதில் ஏறத்தாழ 7,000 பெட்டி ஜார்டின் மாத்திசன் கைவழி வந்தது. பெட்டிகளில் பெரும்பகுதி அவர்களுக்கே சொந்தமில்லை. பம்பாய் பார்சி வணிகர்கள் முதலியோர் கமிஷனுக்கு விற்கக் கொடுத்தவை. ஒப்படைக்கும்போது சில பெட்டிகள் இரட்டிப்பாக எண்ணப்பட்டிருப்பது தெரியவந்தது. சொன்ன கணக்கு குறையக் கூடாதே என்று எலியட் கூடுதல் அபினி வாங்கி ஈடுகட்டினார். கள்ளச்சரக்கு பறிமுதல் ஆவதற்காக அதையே விலைக்கு வாங்கிய அரசு அதிகாரி வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

லின்னுக்கும் இது வெற்றியாகவே பட்டது. சில்லறை சில்லறையாகப் பிடுங்க வேண்டியதை ஒரே அதிகாரி மொத்தமாகக் கொடுக்கிறார். பெட்டிக்கு ஐந்து ‘காட்டி’ (இதுவும் சீன எடை அளவு) தேயிலை பரிசு தருவதாகக்கூட அறிவித்தார். அவர் கணக்கில், தடைசெய்யப்பட்ட சரக்கைக் குற்றவாளிகள் ஒப்படைத்துவிட்டார்கள், கதை முடிந்தது. எலியட் தந்த வாக்குறுதியால் அது மகாராணியின் சொத்தாக மாறித் தன் கைக்கு வருகிறது என்ற சட்ட நுணுக்கம் அவர் உலகத்திலேயே இல்லாத ஒன்று. இந்த வழக்கில் லின் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால், குற்றவாளிகளையும் குற்றமற்றவர்களையும் அரசுப் பிரதிநிதியையும் ஒரே அடைப்புக்குள் வைத்தது என்பேன். டென்ட்டையும் இன்னும் சிலரையும் மட்டும் பிடித்து நாடு கடத்தியிருந்தால் லண்டனில் பேச்சே எழுந்திருக்காது.

பெட்டிகள் மே மூன்றாம் வாரம் வரை வந்து சேர்ந்தன. அழிக்கும் வேலை ஜூன் 3 அன்று ஹூமென் கடற்கரையில் தொடங்கி மூன்று வாரம் நடந்தது. எரித்தார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு, எரித்தால் மிச்சம் மண்ணில் ஊறும், தோண்டி எடுத்துவிடுவார்கள். மூன்று பெரிய குளங்கள் வெட்டி, அடியில் கல் பாவி, பக்கங்களில் மரம் அடித்திருந்தார்கள். ஆற்று நீரை விட்டு உப்பைக் கொட்டி, உருண்டைகளை உடைத்துப் போட்டு ஊறவைத்து, மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். குளம் கொதித்தது. பலகைகளின் மேல் நின்று ஆட்கள் கிளற, ஓதம் இறங்கும்போது மதகைத் திறந்து கடலில் விட்டார்கள். சுமார் 500 ஆட்கள் வேலை செய்தார்கள். ஜூன் நடுவில் பார்வையிட வந்த அமெரிக்கப் பாதிரியார் பிரிட்ஜ்மன், வேலையின் ஒழுங்கைக் கண்டு வியந்து எழுதினார். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கில் திருட்டுப் போனதாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. தொடங்கும் முன் லின் கடல் தெய்வத்துக்குப் படையல் போட்டு, நீரைக் கெடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டு, மீன்களைக் கொஞ்ச நாள் ஒதுங்கிப்போகச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார்.

விக்டோரியா மகாராணிக்கு ஒரு கடிதமும் எழுதினார். உங்கள் நாட்டில் அபினிக்குத் தடை என்று கேள்விப்படுகிறேன், பிறகு எங்களுக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்பது அதன் தொனி. அவர் கேள்விப்பட்டது தவறு. லண்டன் மருந்துக் கடைகளில் அபினிக் கரைசலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடிதத்தை வாங்கிக்கொள்ளவே வெளியுறவு அலுவலகம் மறுத்துவிட்டது.

பில் லண்டனுக்குப் போனது

உறுதிப் பத்திரத்தை எலியட் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் வணிகர்கள் கான்டனை விட்டு மக்காவுக்கும், அங்கிருந்து ஹாங்காங் கடற்பரப்புக்கும் நகர்ந்தார்கள். ஜூலையில் கவ்லூன் பக்கம் மாலுமிகள் சாராய வெறியில் லின் வெய்ஸி என்ற கிராமத்தவரை அடித்துக் கொன்றார்கள். குற்றவாளியைத் தர எலியட் மறுத்தார். நவம்பர் 3 அன்று நடந்தது இன்னும் விசித்திரம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வணிகம் செய்யத் தயாராக இருந்த ‘ராயல் சாக்சன்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தடுக்கப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் முயல, அதற்குக் காவலாக வந்த சீனக் கப்பல்கள்மீது சுவென்பி என்ற இடத்தில் குண்டு பொழிந்தன.

அதற்குள் லண்டனில் வேலை முடிந்துவிட்டது. சீனாவிலிருந்து ஜனவரியிலேயே கிளம்பியிருந்த வில்லியம் ஜார்டின், செப்டம்பர் கடைசியில் வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டனைச் சந்தித்தார். அக்டோபர் 1 அன்று வின்ட்சரில் அமைச்சரவை கூடியது. மேஜையில் கிடந்தது எலியட்டின் வாக்குறுதி. பிரதமர் மெல்போர்னின் அரசு பட்ஜெட்டோ பற்றாக்குறையில் தள்ளாடியது. அபினிக்காரர்களுக்குப் பொதுப்பணம் கொடுக்க நாடாளுமன்றம் சம்மதிக்காது. மறுத்தால் அரசின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றாகும். சரி, சீனா கொடுக்கட்டும் என்று முடிவானது.

பால்மர்ஸ்டன் சீன அரசுக்கு எழுதிய கடிதத்தின் வாதம் கெட்டிக்காரத்தனமானது. கள்ளச்சரக்கைப் பறிமுதல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடலில் பிடிக்காமல், நிரபராதிகளையும் அரசுப் பிரதிநிதியையும் அடைத்துவைத்து மிரட்டி வாங்கினீர்களே, அதற்குத்தான் பணம். 1840 ஏப்ரலில் மக்களவை மூன்று நாள் விவாதித்தது. பின்னாளில் பிரதமரான இளம் கிளாட்ஸ்டன் இந்தப் போரை அநியாயம் என்று சாடினார், மெக்காலே ஆதரித்தார். கண்டனத் தீர்மானம் 262க்கு 271 என்ற கணக்கில் தோற்றது. ஒன்பது ஓட்டு.

போரை விரிவாகச் சொல்லப்போவதில்லை. நீராவிக் கப்பல்களுக்கும் பழைய பீரங்கிகளுக்கும் நடந்த போட்டியில் முடிவு தெரிந்ததே. ஒரு காட்சியை மட்டும் விட மனமில்லை. வந்த படையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. அதில் மதராஸ் 37ஆம் காலாட்படையும் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் உண்டு. 1841 மே மாதக் கடைசியில், கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி வயல்களில், ஈட்டியும் மண்வெட்டியுமாக ஆயிரக்கணக்கான கிராமத்தார் திரண்டு நின்றபோது இடிமழை பிடித்துக்கொண்டது. 37ஆம் படையின் ஒரு சிறு பிரிவு வழி தவறி வயலுக்குள் மாட்டிக்கொண்டது. சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து ஒன்றுகூட வெடிக்கவில்லை. மழையிலும் வெடிக்கும் புதுத் துப்பாக்கிகளோடு கடற்படை வீரர்கள் வந்து மீட்கும்வரை, அந்த சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கி முனைக் கத்தியோடு இருட்டில் நின்றார்கள். சீனப் பாடப்புத்தகங்களில் சான்யுவான்லி மக்கள் எழுச்சியின் சின்னம். நம் பக்கம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ரசீது மாறிய விதம்

1842 ஆகஸ்ட் 29 அன்று நான்கிங் அருகே ‘கார்ன்வாலிஸ்’ போர்க்கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனா தர வேண்டியது 21 மில்லியன் வெள்ளி டாலர். போர்ச் செலவுக்கு 12, ஹாங் வணிகர்கள் வைத்திருந்த கடனுக்கு 3, மீதி 6 மில்லியன் அந்த 20,283 பெட்டிகளுக்கு. கான்டனோடு அமோய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய் ஆகியவையும் திறந்தன. ஹாங்காங் பிரிட்டனுக்கு. ஹாங் வணிகர்களின் ஏகபோகம் ஒழிந்தது. மறு ஆண்டுத் துணை ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் குற்றவாளியைப் பிரிட்டிஷ் அதிகாரியே விசாரிக்கும் உரிமையும், வேறு எந்த நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையும் பிரிட்டனுக்கும் உண்டு என்ற விதியும் வந்தன. பின்னாளில் ஒவ்வொரு வல்லரசும் சீனாவில் காலூன்றியது இந்த இரண்டின் மேல்தான்.

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவைப் படிக்கையில் ஒரு சொல் கண்ணில் குத்தும். 1839 மார்ச்சில் கொடுக்கப்பட்ட அபினி, கண்காணிப்பாளர் மற்றும் குடிமக்களின் உயிருக்கான ‘பணயமீட்புத் தொகை’ என்கிறது அது. லின் பறிமுதல் என்று வாங்கினார். எலியட் அரசுக்கு என்று எழுதினார். மூன்றாண்டில் அது ஆட்கடத்தலுக்குக் கட்டிய பணமாகிவிட்டது.

எலியட்டை அதற்கு முன்பே திருப்பி அழைத்திருந்தார்கள். சீனாவிடம் குறைவாகக் கேட்டுவிட்டார் என்பது குற்றம். அடுத்த பதவி டெக்சாஸில். லின் மேற்குக் கோடியிலுள்ள இலிக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே பாசனக் கால்வாய் வேலைகளைப் பார்த்தார். வணிகர்களுக்கு 1843இல் பணம் கைக்கு வந்தபோது, கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. பெரிய நிறுவனங்கள் கவலைப்படவில்லை. 1839இல் தட்டுப்பாடு வந்ததும் விலை ஏறியது. மலிவாக வாங்கிக் கடலோரமாக விற்று அவர்கள் ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டார்கள்.

நஷ்டஈடு சொல்லும் அந்த ஒரு பிரிவைத் தவிர ஒப்பந்தத்தில் அபினி என்ற சொல்லே இல்லை. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. ஷாங்காய் திறந்ததும் ஊருக்கு வெளியே வூசுங்கில் மிதக்கும் அபினிக் கிடங்குகள் வந்து நின்றன, லிண்டினில் நின்றதைப் போலவே. இன்னொரு போர் நடந்து, 1858இல் சுங்கப் பட்டியல் திருத்தப்பட்டபோது ஒரு பிகலுக்கு (நூறு காட்டி எடை) 30 டேல் வெள்ளி வரி என்று அபினி அதில் ஏறியது. அதன்பின் சீனர்களின் சுங்கக் கணக்கில் அதற்கு ஒரு புதுப் பெயர் வழங்கியது: ‘யாங் யாவ்’, அதாவது அயல்நாட்டு மருந்து.